ரிசர்வில் ஓடிய வண்டி

முதல் கார் வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆக்டிங் டிரைவர். மாதச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அரை நாளைக்கோ ஒரு நாளைக்கோ கூப்பிடும் ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனராக ஏறி சூரத் வரை போனேன். பிறகு நாசிக், விஜயவாடா, இரண்டு வருஷம் கோவா. எந்த ஊரிலும் மூன்று மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. சென்னைக்குத் திரும்பி வந்தபோது என்னிடம் இருந்தது ஹெவி லைசென்ஸும், ஓட்டாத வண்டி இல்லை என்ற வாயும்தான். அந்த வாய்க்கு தி.நகரிலும் அசோக் நகரிலும் கிராக்கி இருந்தது.

முதல் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். வண்டியைச் சுற்றி வருவார்கள். கதவைத் திறந்து சாத்துவார்கள். சத்தம் நன்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பார்கள். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். பிரேக் பெடலைப் பார்ப்பேன். மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பேன். பாதியில் கோடு போட்டது போலச் சேற்றுக் கறை இருந்தால் அது மழை வெள்ளத்தில் நின்ற வண்டி. வெளியே எவ்வளவு கழுவினாலும் சுருண்டு உள்ளே கிடக்கும் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை.

இதெல்லாம் எனக்கு உண்மையாகவே தெரிந்தவை. தெரிந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் வந்தவர்களுக்கு மைலேஜ் பற்றி ஏதாவது சொன்னால்தான் காசு கொடுத்த திருப்தி வரும். டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், ஆக்ஸிலேட்டரைப் பொறுமையாக மிதியுங்கள் என்றால் முகம் வாடிவிடும். அது அவர்களுக்கே தெரியும். யாரும் சொல்லாத ஒன்று வேண்டும். அதற்காக நான் ஒன்று வைத்திருந்தேன். டேங்க்கை ரொப்பாதீர்கள் என்பேன். முழு டேங்க் என்றால் ஒரு ஆளின் பாதி எடை. அந்த எடையைச் சுமக்கவே பெட்ரோல் செலவாகும். தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் வண்டி லேசாக ஓடும். இதை எங்கே பிடித்தேன் என்று இப்போது நினைவில்லை. நாசிக் பக்கம் யாரோ ஒரு லாரி டிரைவர் சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். ஒரு பேங்க் ஊழியர் அதைத் தன் போனில் எழுதிக்கொண்டார்.

வசதி உள்ளவர்கள் கேட்டு மறந்துவிடும் புத்திமதி அது. பெட்ரோல் பங்கில் நின்றதும் பழக்கத்தில் ஃபுல் என்று சொல்லிவிடுவார்கள். என் மாமா மறக்கவில்லை.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். மயிலாப்பூரில் ஒரு தெருமுனையில் இருபது வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தார். அவர்கள் குடியிருந்தது நந்தனத்துக்குப் பின்னால் அடையாற்றங்கரையில். அங்கிருந்து எல்லோரையும் கிளப்பி பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் ஆறாவது மாடி கொடுத்தார்கள். வீடு போனது இருபது கிலோமீட்டர் தள்ளி. இஸ்திரி வண்டி மயிலாப்பூரிலேயே நின்றது. துணி கொடுக்கும் வீடுகள் அங்கேதான் இருந்தன. மாமா தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மயிலாப்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் இடத்தில் காலை ஏழு மணி ஷிஃப்ட் கிடைத்தது. நான்கு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே நின்றுவிடும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. அக்கா ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அது கரையும் வரை பேசாமல் இருப்பாள்.

போகும்போது பஸ்ஸில் போய்விடுவாள். திரும்பும்போதுதான் முடியாது. மெஷினிலிருந்து எழுந்தால் தலை சுற்றும், பிரஷர் இறங்கிவிடும். ஒருநாள் அடையாறு டெப்போவில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது வாந்தி எடுத்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பகலிலேயே சரக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது பார் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனாராம். அதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமா சிரிக்கவில்லை. மறுநாள் எனக்கு போன் செய்தார்.

"டேய் மச்சான், ஒரு கார் பாரு. பழசுதான். நாலு சக்கரம் இருந்தா போதும், மைலேஜ் குடுக்கணும்."

"ஓட்டுவீங்களா மாமா?"

"ஷேர் ஆட்டோ ஓட்டினவன்டா நானு. நீ பொறக்கறதுக்கு மின்னாடியே லைசென்ஸு கீது."

அது பொய். எனக்கும் அவருக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம். ஆனால் லைசென்ஸ் இருந்தது.

கார் நான் தேடுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. மாமா துணி எடுக்கும் வீடுகளில் ஒன்றில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருந்தார். கண்ணில் ஆபரேஷன் நடந்த பிறகு அவர் வண்டி ஓட்டுவதை மகள் நிறுத்தச் சொல்லிவிட்டாள். பத்து வருஷத்துக்கு மேல் ஆன சின்ன பெட்ரோல் கார். மாமாவுக்கு என்றதும் அவர் விலையில் கறாராக இல்லை. மாமா சீட்டு எடுத்துக் கொடுத்தார்.

வண்டியைப் பார்க்க நான் போனேன். பெடல் ரப்பர் மீட்டருக்குத் தகுந்த மாதிரிதான் தேய்ந்திருந்தது. பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், சுத்தம். கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது வாத்தியார் மாமாவிடம் வகுப்பெடுப்பது போலச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. டேங்க் பாதிக்குக் கீழ எறங்க விடாதே. பத்து வருஷமா நான் விட்டதில்லை. ஆத்துல காபிப்பொடி தீந்தாக்கூடப் பரவாயில்லை, வண்டியில பெட்ரோல் இருக்கணும்."

"செரி சார்."

"சிரிக்காதே. சொல்லிண்டே இருக்கேன், இவர் சிரிக்கிறார்."

சிரித்தது மாமா இல்லை, நான்தான். தெருமுனை திரும்பியதும் மாமா என்னைப் பார்த்தார்.

"இன்னாடா சிரிப்பு?"

"பின்ன இன்னா மாமா. பென்ஷன் வர்றவங்க பேச்சு. பாதி டேங்க் எப்பவும் சும்மா கிடக்கணுமாம். அத்த சுமக்க ஒரு பெட்ரோலு. நீங்க இன்னாத்துக்கு சுமக்கணும்? போவ வர எவ்ளோ ஆவுமோ அவ்ளோ போடுங்க. வண்டி பூ மாதிரி போவும்."

"அப்போ ரொப்பக் கூடாதுன்ற."

"ரொப்பவே கூடாது."

அதைச் சொல்லும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அவரிடம் டேங்க்கை ரொப்பப் பணம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். இல்லாததை ஒரு சாமர்த்தியமாக மாற்றிக் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படியெல்லாம் யோசிக்கவில்லை.

வாத்தியார் வைத்திருந்த பாதி டேங்க் தீர்ந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை மைலேஜ் பார்க்கக் கிளம்பினோம். எங்கள் மாதிரி ஆட்கள் மைலேஜ் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. முள் கீழே இறங்கி ரிசர்வ் லைட் எரியும் வரை ஓட்டுவது. லைட் எரிந்ததும் பங்கில் சரியாக இரண்டு லிட்டர் போட்டு, மீட்டரை ஜீரோ ஆக்கி, மறுபடி லைட் எரியும் வரை ஓட்டுவது. டேங்க்கை ரொப்பி ஓட்டி, மறுபடி ரொப்பிக் கணக்குப் பார்ப்பதுதான் சரியான முறை. அதற்கு இரண்டு தடவை ரொப்ப வேண்டும்.

நந்தனத்தில் பெட்ரோல் போட்டு, கோட்டூர்புரம் வழியாக அடையாறு, பெசன்ட் நகர், கடற்கரை ஓரமாகத் திரும்பி மறுபடி அடையாறு, இப்படியே மூன்று நான்கு சுற்று. அக்கா பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காரில் அவள் முதல் தடவையாகச் சும்மா ஊர் சுற்றியது அன்றைக்குத்தான். மாமா மீட்டரைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"ரோட்டப் பாரு யா," என்றாள் அக்கா. "அவன் எட்டாங்கிளாஸு ஃபெயிலு, நீ அதுவும் இல்ல. ரெண்டு பேரும் கணக்கு போடறீங்களா?"

"ஃபெயில் இல்லக்கா. நானா நின்னேன்."

"ஆமா, கலெக்டராவ நேரம் இல்லன்னு நின்ன."

லைட் எரிந்தபோது மாமா வண்டியை ஓரம் கட்டிவிட்டு விரலை மடக்கினார். லிட்டருக்குப் பதினெட்டு. இறங்கி வந்து என் முதுகில் அடித்தார். "சொன்னியே, பூ மாதிரின்னு. பூதான்டா." அக்கா ஜன்னலை இறக்கிக் காற்று வாங்கிக்கொண்டு, பசிக்கிறது என்றாள். பசிக்கிறது என்று அவள் சொல்லி நாங்கள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

எட்டு மாதம் அந்த வண்டி ஓடியது. காலை ஐந்தரைக்கு பெரும்பாக்கத்தில் கிளம்பினால் ஏழுக்கு முன்னால் மயிலாப்பூர். அக்காவை மெஷினுக்கு அனுப்பிவிட்டு மாமா இஸ்திரி வண்டியில் கரி மூட்டுவார். பதினொன்றரைக்கு அவளைக் கூட்டி வந்து, காரைத் தன் வண்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் படுக்க வைப்பார். மூன்று மணிக்கு வேலை முடித்துக்கொண்டு இருவரும் வீடு போவார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார வேண்டியதில்லை. அந்த எட்டு மாதத்தில் அக்காவுக்கு ஒரு தடவைகூட ஷிஃப்ட் தப்பவில்லை. எடைகூடக் கொஞ்சம் ஏறியது. தண்ணீரால் ஏறிய எடை இல்லை, சாப்பிட்டு ஏறியது.

மாமாவுக்கு மைலேஜ் ஒரு வெறியாகிவிட்டது. ஏசி போட மாட்டார். மே மாதத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்து அக்காவின் மேல் ஈரத்துண்டு போடுவார். பாலத்தில் ஏறி இறங்கும்போது நியூட்ரலில் விடுவார். இறக்கத்தில் எஞ்சினையே அணைத்துவிடுவார். அதை மட்டும் நான் சண்டை போட்டு நிறுத்தினேன். எஞ்சின் நின்றால் இரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். அது எனக்குத் தெரிந்த விஷயம், அதனால் சொன்னேன். பெட்ரோல் மட்டும் நான் சொன்னபடியேதான் போட்டுக்கொண்டிருந்தார். இருநூறு ரூபாய்க்கு, நூற்றைம்பது ரூபாய்க்கு. ரிசர்வ் லைட் எரியாத நாள் இருந்ததா என்று தெரியவில்லை. ஒருநாள் அந்த ஆரஞ்சு லைட்டைக் காட்டி அக்கா கேட்டாள்.

"இது இன்னாத்துக்கு எப்பவும் எரிஞ்சிக்கினு கீது?"

"அது நம்ம வூட்டு வெளக்குமா," என்றார் மாமா.

பழைய வண்டிகளில் இதனால் ஒன்றும் ஆகாது. நான் கற்றுக்கொண்டது அந்த மாதிரி லாரிகளில். இப்போதுள்ள கார்களில் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் டேங்க்குக்கு உள்ளேயே மின்சாரத்தில் ஓடுகிறது. அது சூடாகாமல் பார்த்துக்கொள்வது அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். பெட்ரோல் அடியிலேயே கிடந்தால் பம்ப் காய்ந்து ஓடும், அடிமண்டியை உறிஞ்சும், கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். இதை நான் அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நூறு பேருக்காவது கார் பார்த்துக் கொடுத்திருந்தேன் அதற்குள்.

டயாலிசிஸ் ஆட்களுக்குத் திங்கட்கிழமை கெட்ட நாள். வெள்ளிக்குப் பிறகு சனி, ஞாயிறு இரண்டும் மெஷின் இல்லாமல் போயிருக்கும். உடம்பில் தண்ணீர் ஏறிக் கால் வீங்கியிருக்கும். அந்தத் திங்கள் மழை வேறு. துரைப்பாக்கம் தாண்டுவதற்குள் வண்டி இருமியது, நின்றது. ஆறு மணி இருக்கும்.

மாமா பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். அக்காவை உள்ளே உட்கார வைத்துவிட்டு தண்ணீர் பாட்டிலோடு பங்குக்கு நடந்தார். பாட்டிலில் கொடுக்க மாட்டோம் என்றார்கள். கடை திறக்கக் காத்திருந்து ஒரு கேன் வாங்கி, திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து ஊற்றினார். வண்டி கிளம்பவில்லை. அப்போதுதான் எனக்கு போன் செய்தார். மணி ஏழேகால்.

நான் தி.நகரில் இருந்தேன். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு வண்டி பார்க்கப் போயிருந்தேன். அவர்கள் ஆபீஸ் போகுமுன் பார்க்க வேண்டும் என்பதால் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஏர் லாக் ஆயிருக்கும் மாமா. செல்ஃப் அடிச்சிக்கினே இருங்க, பெட்ரோல் ஏறும்."

"அடிச்சிட்டேன்டா. பேட்டரி எறங்குது. உங்க அக்கா ஆட்டோல போறேன்றா."

"மழையில ஆட்டோக்காரன் இன்னா கேப்பான் தெரியுமா? அரை மணில வர்றேன். உக்காரச் சொல்லுங்க. நானே ஓட்டிக்கினு போய் விடறேன்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அவன் கெடக்கறான் யா, நீ ஆட்டோவ நிறுத்து." மாமா போனை மூடாமலே அவளிடம் சொன்னார். "இருமா. உன் தம்பி வர்றான்."

நான் அரை மணியில் போகவில்லை. அந்த ஜோடியின் டெஸ்ட் டிரைவ் பாதியில் இருந்தது. பாண்டி பஜார் வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். அந்தப் பெண் மைலேஜ் கேட்டாள். நான் டேங்க்கை ரொப்பாதீர்கள் என்று சொன்னேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் கணவர் 'இது லாஜிக்கா இருக்கே' என்று சிரித்தார்.

நான் போய்ச் சேரும்போது ஒன்பது. அக்கா பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். அப்போதும் நான் முதலில் பானெட்டைத்தான் திறந்தேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் ஆட்டோ பிடித்தோம். சென்டரில் அவளுடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அவர்கள் மேல் குற்றம் இல்லை. ஏழரை வரை காத்திருந்து, மாமாவுக்கு இரண்டு தடவை போன் செய்து, அவர் எடுக்காததால்தான் கொடுத்தார்கள். அவர் அப்போது கையில் கேனோடு மழையில் வண்டிக்கும் பங்குக்கும் இடையில் அல்லாடிக்கொண்டிருந்தார். மற்ற ஷிஃப்டும் நிரம்பியிருந்தது. நாளைக் காலை முதல் ஷிஃப்ட் தருகிறோம், மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று அந்த நர்ஸ் இரண்டு தடவை சொன்னார்.

"நாளைக்குத்தான, பரவால்ல," என்றாள் அக்கா. "ஒரு நா தானே."

மாமா அவளை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான் கூடப் போகவில்லை. வண்டி ரோட்டில் நிற்கிறதே என்று அதைக் கயிறு கட்டி இழுத்து அடையாறில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் பின் சீட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, பம்ப்பை வெளியே எடுத்தான். கையில் வைத்துத் திருப்பிக் காட்டினான். அடி முழுக்கக் கறுப்பு.

"யார்ணா ஓட்டினது? ரிசர்வ்லயே ஓட்டிக்கினு இருந்தாரா?"

"ஏன்?"

"ஏன்னா. தண்ணி இல்லாத தொட்டியில மோட்டார் போட்டா இன்னா ஆவும்? அதான். எவனாச்சும் மைலேஜு வரும்னு சொல்லியிருப்பான்."

புது பம்ப் போடு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரத்தில் அது ஒரு பம்ப் மட்டும்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவால் பேச முடியவில்லை. லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடியும் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் நல்லபடி வந்தது, ஆஸ்பத்திரியிலும் நன்றாகப் பார்த்தார்கள். நுரையீரலில் தண்ணீர் ஏறி, இதயம் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் மாமா என்னைக் கூப்பிட்டார். புது பம்ப் போட்ட வண்டியை அவரே மெக்கானிக்கிடமிருந்து எடுத்து வந்திருந்தார். மயிலாப்பூர் போ என்றார். வாத்தியார் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். இறங்கிய வேகத்தில் கேட்டைத் தட்டினார்.

"சார், வெளிய வாங்க. இன்னா வண்டி சார் குடுத்தீங்க? நடுரோட்டுல உட்டுச்சே. என் பொண்டாட்டிய வெச்சிக்கினு மூணு மணி நேரம் நின்னேனே சார். பம்ப்பு பூட்ச்சாம். கெட்டுப்போனத என் தலையில கட்டிட்டீங்க."

தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. வாத்தியார் பூணூலும் வேட்டியுமாக வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு விஷயமே தெரியாது. இஸ்திரி வண்டி சாத்திக் கிடப்பதைப் பார்த்து ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"பூட்டா சார்."

வாத்தியார் கேட்டைத் திறக்க முயன்றார், தாழ்ப்பாள் கைக்கு வரவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். "நான் அன்னிக்கே சொன்னேனோன்னோ, பாதி டேங்க்..." அதோடு நிறுத்திக்கொண்டார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். "இல்லப்பா. எம்மேலயும் தப்பு இருக்கலாம். பழைய வண்டிதானே. பம்ப்பை மாத்திக் குடுத்திருக்கணும் நான்."

அந்த மனிதர் தன் மேல் எடுத்துக்கொண்டதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. காருக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன்.

"அவர் மேல தப்பு இல்ல மாமா. ரொப்ப வேணாம்னு நான்தான் சொன்னேன். ரிசர்வ்ல ஓட்டினதாலதான் பம்ப் கருகிச்சி. அன்னிக்கு ஆட்டோ வேணாம்னு சொன்னதும் நான்தான்."

மாமா திரும்பவில்லை.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"மெக்கானிக் சொன்னான். வண்டி எடுக்கப் போனன்ல, அப்போ." கேட்டின் மேல் இருந்த கையை எடுத்தார். "சார், மன்னிச்சிக்குங்க. எங்கியாச்சும் கத்தணும் போல இருந்திச்சி. வூட்ல கத்தினா பக்கத்து வூட்டுக்காரங்க வந்து உக்காந்துக்கறாங்க."

"பரவாயில்லை. கத்து."

"இவன கத்தலாம்னா," என்று என் பக்கம் தலையை மட்டும் அசைத்தார், "இவன் ஊர வுட்டுப் பூடுவான் சார். சின்ன வயசுலேர்ந்து அதான். ஒரு வார்த்த சொன்னா போதும், லாரி ஏறிடுவான். அவ போறப்போ இவனப் பாத்துக்கன்னு சொல்லல. சொல்ல முடியல, மூச்சு இல்ல. இருந்திருந்தா அதத்தான் சொல்லியிருப்பா."

அவர் சொன்னது சரி. அந்தப் பதினாறு நாளில் இரண்டு தடவை நான் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியிருந்தேன். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

வாத்தியார் உள்ளே போகச் சொன்னார். மாமா போகவில்லை. "துணி இருந்தா குடுங்க சார், வந்ததோட கரி மூட்டிடறேன்," என்றார். வாத்தியார் உள்ளே போய் வெகுநேரம் கழித்து ஒரு மூட்டையோடு வந்தார். அதில் பாதி ஏற்கெனவே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த வேட்டிகள். இஸ்திரிக்கு வேண்டியவை இல்லை. மாமா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார்.

நான் காரை மெதுவாக அவர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். இஸ்திரி வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை அவர் எடுத்தபோது தேங்கியிருந்த மழைத்தண்ணீர் கொட்டியது. சாவியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"நீயே வெச்சிக்க. வாரத்துக்கு மூணு நாள் போவணும்னு வாங்கினது. எனக்கு ஒருத்தனுக்கு பஸ்ஸு போதும்."

கரி ஈரமாக இருந்தது, பிடிக்க நேரமாயிற்று. அவர் விசிறிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எனக்கு அசோக் நகரில் ஒரு வேலை இருந்தது, முதல் கார் வாங்கும் ஒரு குடும்பம். போன் மூன்று தடவை அடித்தது. நான் எடுக்கவில்லை. வண்டியின் கதவைப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். முதல் வேட்டியைப் பலகையில் விரித்தபோது மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"நிழல்ல நிறுத்துடா," என்றார்.